மாலை ஆறு மணிச் சண்டைகள்: சாப்பாட்டுக்கும் கோபத்துக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

விடுதிக்காரன் | ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த விஷயம் இது.

நான் ஒரு சிற்றூரில் மாணவர் விடுதி வார்டன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அறுபது சொச்சம் பையன்கள், பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். சண்டை வந்தால் யார், யாரை, எத்தனை மணிக்கு, எதற்காக என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். போன மாதம் அந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். பாதிக்கு மேற்பட்ட சண்டைகள் மாலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவில் நடந்திருக்கின்றன. காரணம் என்று எழுதியிருப்பவை எல்லாம் அற்பமானவை. வாளி, சோப்பு, ஃபேனுக்கு அடியில் யார் படுப்பது.

பள்ளியில் மதியச் சாப்பாடு 12.40-க்கு. விடுதிக்குத் திரும்பியதும் 4.30-க்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. நடுவில் விளையாடுகிறார்கள், துணி துவைக்கிறார்கள், படிக்க உட்காருகிறார்கள்.

இதுவரை எனக்குத் தெரிந்தது தண்டனைதான். ஜூலையில், இன்னொருவன் மண்டையில் மக்கால் அடித்த ஒன்பதாம் வகுப்புப் பையனை முட்டி போட வைத்தேன். பத்து நிமிடத்தில் அப்படியே சரிந்து விழுந்துவிட்டான். தண்ணீர் தெளித்து உட்கார வைத்துக் கேட்டால், காலையில் இட்லி வரிசை நீளமாக இருந்ததால் சாப்பிடாமலே ஓடியிருக்கிறான். மதியம் இரண்டு வாய். அவ்வளவுதான் அன்றைக்கு. அவனை முட்டி போட வைத்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது தெரியும். அதற்கு மேல், சாப்பாட்டுக் குறைவு ஒரு பிள்ளையைச் சண்டைக்காரனாக்குமா என்று யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கீரைக்கட்டு | ஞாயிறு, இரவு 10.35

வணக்கம் வார்டன் சார். கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கிறேன். ஆராய்ந்திருக்கிறார்கள், அதுவும் சிறைக்குள்ளேயே போய்.

இங்கிலாந்தில் எயில்ஸ்பரி என்ற ஊரில் இளங்குற்றவாளிகளுக்கான சிறை இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பெர்னார்ட் கெஷ் என்பவரின் குழு அங்கே 231 இளைஞர்களை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிக்குத் தினமும் வைட்டமின், தாது உப்புகள், நல்ல கொழுப்பு அமிலங்கள் அடங்கிய மாத்திரைகள். மறு பாதிக்குப் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரைகள். யாருக்கு எது போகிறது என்பது கைதிகளுக்கும் தெரியாது, காவலர்களுக்கும் தெரியாது. அளவும் ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு மனிதனுக்கு அன்றாடம் தேவைப்படும் அளவை ஒட்டித்தான் கொடுத்தார்கள்.

கணக்கெடுத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. "இப்போது கோபம் குறைந்திருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சிறை விதிகளை மீறியதாகப் பதிவான சம்பவங்களை எண்ணினார்கள். முடிவு 2002-இல் வெளியானது. சத்து மாத்திரை சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிட 26.3 விழுக்காடு குறைவாகத் தப்பு செய்திருந்தார்கள். குறைந்தது இரண்டு வாரமாவது மாத்திரை சாப்பிட்டவர்களை அவர்களுடைய பழைய கணக்கோடு ஒப்பிட்டால் 35 விழுக்காடு குறைவு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடம் சொல்லும்படியாக மாற்றம் இல்லை.

ஏன் இப்படி என்றால், மூளை நம் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுதான் வாங்கிக்கொள்கிறது. கோபம் வரும்போது "பொறு" என்று பிடித்து நிறுத்துவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. மனநிலையைச் சமன் செய்யும் செரோடோனினைச் செய்வதற்குப் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதத்திலிருந்து வரும் டிரிப்டோஃபேன் வேண்டும். அதைச் செய்து முடிக்க இரும்புச்சத்தும் வேண்டும். மூளைச் செல்களின் சவ்விலேயே மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கலந்திருக்கிறது. இதெல்லாம் பற்றாமல் போனால் பிரேக் கட்டை தேய்ந்த மாதிரிதான்.

உங்கள் விடுதியைப் பொறுத்தவரை மாத்திரைக்கெல்லாம் போவதற்கு முன்னால் அந்த 12.40-க்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கும் ஏழு மணி நேரத்தைப் பாருங்கள். வளர்கிற பையனுக்கு அது மிகப் பெரிய இடைவெளி.


தராசு | திங்கள், காலை 6.15

நான் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பேச்சை எச்சரிக்கையோடு பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

1978 நவம்பர் 27. அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோ நகர மன்றக் கட்டடத்துக்குள் டான் வைட் என்ற முன்னாள் உறுப்பினர் துப்பாக்கியோடு போய் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் சுட்டுக் கொன்றார். அடுத்த வருடம் விசாரணை. அவருக்குக் கடும் மனச்சோர்வு, அதனால் திட்டமிட்டுக் கொல்லும் நிலையில் அவர் இல்லை என்று வாதாடினார்கள். சாட்சி சொன்ன மனநல மருத்துவர், அவர் கிரீம் கேக்கும் கோலாவுமாகத் தின்றுகொண்டிருந்ததையும் குறிப்பிட்டார். ஜூரிகள் அதைக் கொலை என்று சொல்லாமல் குறைந்த குற்றமாக முடிவு செய்தார்கள். இரண்டு உயிருக்கு ஏழு வருடம் எட்டு மாதம். ஊரே கொதித்துத் தெருவில் இறங்கியது. "கேக் தின்றதால் கொன்றான் என்று சொல்லித் தப்பித்துவிட்டான்" என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது.

உண்மையில் அந்த மருத்துவர் கேக்கைக் காரணமாகச் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிட்டு உடம்பைப் பேணிய மனிதன் இப்படித் தின்னத் தொடங்கியதே மனச்சோர்வின் அடையாளம் என்றுதான் சொன்னார். அடையாளத்தைக் காரணமாக்கிவிட்டது ஊர். நாமும் அதே தவறைச் செய்துவிடக் கூடாது. சிறையில் இருக்கிறவன் சரியாகச் சாப்பிடாதவனாக இருக்கலாம். சரியாகச் சாப்பிடாத கோடிப் பேர் யாரையும் அடிக்காமல்தான் இருக்கிறார்கள்.

கீரைக்கட்டு அம்மா சொன்ன ஆய்வை நான் மறுக்கவில்லை. ஒரு சிறையில் நடந்த ஓர் ஆய்வு போதுமா என்பதுதான் என் கேள்வி.


கீரைக்கட்டு | திங்கள், காலை 8.05

தராசு ஐயா, கேள்வி நியாயமானது. நெதர்லாந்தில் அதே மாதிரி 221 இளங்கைதிகளிடம் செய்து 2010-இல் வெளியிட்டார்கள். பதிவான சம்பவங்கள் சத்து மாத்திரைக் குழுவில் குறைந்தன, வெற்று மாத்திரைக் குழுவில் சற்றுக் கூடின. ஆனால் கைதிகளிடமே கேள்வித்தாள் கொடுத்து அவர்களுடைய கோபத்தை அளந்தபோது இரண்டு குழுவுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2024-இல் ஒமேகா-3 பற்றிய 29 சோதனைகளை, மொத்தம் 3,918 பேர், ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். முரட்டுத்தனம் குறைகிறது, ஆனால் அந்தக் குறைவு சிறியது. சிறியது என்பதற்காக நான் அதை ஒதுக்க மாட்டேன். அறுபது பையன்கள் இருக்கும் இடத்தில் நாலு சண்டை குறைந்தால் நாலு மண்டை தப்பும். அதே சமயம் மீன் எண்ணெய் கொடுத்து ஒருவனைச் சாதுவாக்கிவிடலாம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.


புதுமாப்பிள்ளை | திங்கள், மதியம் 1.20

சுவாரசியமான இழை. நான் படித்த ஒன்றையும் சொல்கிறேன். அமெரிக்காவில் 107 தம்பதிகளுக்கு ஆளுக்கொரு துணி பொம்மையும் 51 குண்டூசிகளும் கொடுத்தார்கள். பொம்மையைத் துணைவராக நினைத்துக்கொண்டு, அன்றைக்கு எவ்வளவு கோபமோ அத்தனை ஊசியை இரவில் தனியாகக் குத்த வேண்டும். 21 நாள். தினமும் ரத்தச் சர்க்கரையும் அளந்தார்கள். இரவில் சர்க்கரை குறைவாக இருந்தவர்கள் அதிக ஊசி குத்தியிருந்தார்கள். 2014-இல் வந்த ஆய்வு.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நாங்கள் போட்ட சண்டைகளை யோசித்தால் பாதி ஆபீஸ் விட்டு வந்து சாப்பிடுவதற்கு முன்னால்தான். அதனால் இப்போது வீட்டுக் கணக்கு, மாமியார் பேச்சு எதையும் சாப்பிட்ட பிறகுதான் எடுப்பது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.


தாமிரபரணி | திங்கள், இரவு 11.10

புதுமாப்பிள்ளை தம்பி, நீங்கள் இருவரும் பேசி வைத்தது நல்ல விஷயம். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் தூங்க முடியவில்லை.

என் அப்பா பசித்தால் அடிப்பார். குழம்பில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். சோறு ஆறியிருந்தால் அம்மாவின் முடியைப் பிடிப்பார். "பசியில் வந்த மனுஷனுக்கு முன்னால் வாயைத் திறக்காதே" என்று பாட்டி அம்மாவுக்குத்தான் புத்தி சொல்வார். நாங்கள் நாலு பிள்ளைகளும் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அடுப்படியைப் பார்ப்போம், எல்லாம் சூடாக இருக்கிறதா என்று. எட்டு வயதில் எனக்குச் சாம்பாரில் உப்புப் பார்க்கத் தெரியும். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதில்லை அது.

பெரியவளான பிறகுதான் ஒன்று புரிந்தது. அப்பா லாரி செட்டில் வேலை பார்த்தார். அங்கே மதியச் சாப்பாடு மூன்று மணி, நாலு மணி ஆகும். அந்தப் பசியோடு முதலாளியிடம் திட்டு வாங்குவார். முதலாளியை ஒரு நாளும் அடித்ததில்லை. கை ஓங்கியதுகூட இல்லை. அதே பசி, அதே ரத்தம், அதே சர்க்கரை. அடி வீட்டில் மட்டும்தான் விழுந்தது.

பொம்மையில் ஊசி குத்துவதும் மனுஷியை அடிப்பதும் வேறு வேறு. பசி எரிச்சலைத் தரும், சத்தியமாகத் தரும். யாரை அடிக்கலாம் என்பதை அது சொல்லித் தருவதில்லை. அதை வேறு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஆராய்ச்சியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


விடுதிக்காரன் | செவ்வாய், காலை 5.40

தாமிரபரணி அக்கா, இரண்டு முறை படித்தேன். பையன்களுக்குள் நடக்கும் சண்டையிலும் பெரியவன் சின்னவனைத்தான் அடிக்கிறான். என் நோட்டில் "யாரை" என்ற பத்தியைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இன்று பார்க்கிறேன்.


இரவுப்பணி | செவ்வாய், காலை 7.30

அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். அக்கா சொன்னது முழுக்கச் சரி. அதோடு, கோபமே நோயின் அறிகுறியாக வரும் ஒரு நிலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உயிர் போகும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போகும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. அதற்கும் கீழே போனால் பேச்சு குளறும், ஆள் அடையாளம் தெரியாது, சும்மா தொட்டாலே தள்ளிவிடுவார்கள், கெட்ட வார்த்தை வரும். வாழ்நாளில் ஒருவரையும் வாடா போடா என்று கூப்பிடாத ஒரு பெரியவர் இரவு இரண்டு மணிக்கு என் கையைக் கடித்தார். குளுக்கோஸ் ஏற்றிய பிறகு, "என்னம்மா கையில காயம்?" என்று அவரே கேட்டார். எதுவும் ஞாபகமில்லை.

இப்படிப்பட்டவர்களைக் குடித்திருக்கிறார் என்று நினைத்துத் தெருவில் விட்டுப் போகிறார்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்து, திடீரென்று குணம் மாறிப் பேசினால், முதலில் க்ளுக்கோமீட்டரை எடுங்கள். குறைவாக இருந்து விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இது மருந்து எடுப்பவர்களுக்கு வருவது. ஆரோக்கியமான ஆள் ஒரு வேளை சாப்பிடாததால் இந்த நிலைக்குப் போக மாட்டார். "எனக்கு லோ சுகர், அதான் அடித்தேன்" என்று யாரும் இதைக் கையில் எடுக்க வேண்டாம்.


சாத்வீகம் | செவ்வாய், மாலை 4.45

எல்லோரும் மேல்நாட்டு ஆராய்ச்சியாகப் பேசுகிறீர்கள். நம் பெரியவர்கள் இதை என்றைக்கோ சொல்லிவிட்டார்கள். காரம், புளிப்பு, உப்பு மிகுந்தவை ராஜசம். பழையது, ஊசியது தாமசம். பாலும் பழமும் சாத்வீகம். நான் வெங்காயம், பூண்டு விட்டு பன்னிரண்டு வருடம் ஆகிறது. மனம் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாமிசம் தின்பவர்களுக்குக் கோபம் அதிகம் என்பது கண்கூடு. வார்டன் அவர்கள் விடுதியில் வாரத்துக்கு எத்தனை நாள் அசைவம் என்று பார்க்கட்டும்.


விடுதிக்காரன் | செவ்வாய், இரவு 9.15

ஐயா, உங்கள் விரதத்தை மதிக்கிறேன். பன்னிரண்டு வருடம் ஒன்றைக் கடைப்பிடிக்கும் மனதுக்கு அடக்கம் வராமல் இருக்காது. அந்த அடக்கத்தைத் தந்தது வெங்காயம் இல்லாததா, அந்தக் கடைப்பிடிப்பா என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் விடுதியில் கோழியும் முட்டையும் போடும் நாள்களையும் நோட்டில் ஒப்பிட்டேன். அந்த நாள்களில்தான் சண்டை குறைவு. வயிறு நிறையச் சாப்பிட்டு, பேசிச் சிரித்துக்கொண்டு படுக்கப் போகிறார்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். "மாடு தின்கிற பசங்க, அதான் முரட்டுத்தனம்" என்ற சொல்லை என் பையன்கள் வெளியில் கேட்டுவிட்டு வருகிறார்கள். பெரியவர்கள் வாயிலிருந்தே கேட்கிறார்கள். சாப்பாட்டை வைத்து ஒரு பிள்ளையின் குணத்தை முடிவு கட்டுவது அவனுக்குள் என்ன செய்யும் என்று நான் தினமும் பார்க்கிறேன். அன்று இரவு அவன் யாரையாவது அடிப்பான், சந்தேகமே இல்லை. அதற்குக் காரணம் மாமிசம் கிடையாது.


கீரைக்கட்டு | செவ்வாய், இரவு 9.50

வார்டன் சாருக்கு நன்றி. சாத்வீகம் ஐயா, சைவ உணவு நன்றாகவே இருக்கும், ஒரு கவனத்தோடு. பி12 தாவரங்களில் கிடைப்பதில்லை. பால், தயிரும் குறைவாக எடுப்பவர்களுக்கு நாளடைவில் பி12 குறைந்து கை கால் மரத்துப்போவதோடு எரிச்சல், மறதி, சில சமயம் மனக்குழப்பம் வரை போகும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாமிசம் தின்பதால் மனிதர்கள் வன்முறையாளர் ஆகிறார்கள் என்று காட்டும் நம்பகமான சோதனை எதையும் நான் பார்த்ததில்லை. எயில்ஸ்பரி மாத்திரையிலும் மீன் எண்ணெய் இருந்தது.

இன்னும் ஒன்று, இது எனக்கு மிகவும் பிடித்த சான்று. 1944, 45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்துப் பட்டினிச் சோதனை நடத்தினார். போரில் பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிவதற்காக. அந்த 36 பேர் யார் தெரியுமா? "நான் துப்பாக்கி எடுத்து மனிதனைக் கொல்ல மாட்டேன்" என்று மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள். ஆறு மாதம் அரை வயிறு. உடல் எடையில் கால்வாசி கரைந்தது. அந்தச் சாதுக்களே சிறு சத்தத்துக்கும், பக்கத்தில் இருப்பவர் தட்டை வழிக்கும் விதத்துக்கும் எரிந்து விழத் தொடங்கினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவது குறைந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு. ஒருவர் தன் விரல்களையே கோடாலியால் வெட்டிக்கொண்டார்.

தாமிரபரணி சொன்னதோடு இதை வைத்துப் பாருங்கள். பசி அவர்களையும் எரிச்சல்காரர்களாக்கியது. ஆனால் யாரையும் தாக்குபவர்களாக்கவில்லை.


தீவுக்காரன் | புதன், காலை 10.20

மொரீசியஸிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் காரைக்கால். வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். இந்தப் பேச்சில் இந்தத் தீவுக்குப் பெரிய இடம் உண்டு.

இங்கே கத்ர் போர்ன், வக்வா என்று இரண்டு ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில். 1970-களின் தொடக்கத்தில், மூன்று வயதான 1,795 பிள்ளைகளை அந்த ஊர்களில் பரிசோதித்தார்கள். இந்திய வம்சாவளிப் பிள்ளைகள்தான் அதிகம். வாயோரம் வெடித்திருக்கிறதா, தலைமுடி செம்பட்டையாகி மெலிந்திருக்கிறதா, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துக் குறித்தார்கள். பிறகு எட்டு, பதினொன்று, பதினேழு வயதுகளில் மறுபடி பார்த்தார்கள். மூன்று வயதில் சத்துக்குறைவு இருந்த பிள்ளைகளிடம் அடிதடி, அடங்காமை போன்றவை அதிகமாக இருந்தன. குறைவின் அடையாளங்கள் கூடக்கூட அதுவும் கூடியது. வீட்டு வறுமையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இது நின்றது. ஏட்ரியன் ரெய்ன் என்ற பேராசிரியர் இதில் முக்கியமானவர். 2004-இல் வெளியானது.

அதைவிட எனக்கு மனதில் நின்றது இன்னொன்று. அந்தப் பிள்ளைகளில் ஒரு சிறு குழுவுக்கு மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை நல்ல பாலர் பள்ளி நடத்தினார்கள். தினமும் பால், பழச்சாறு, சூடான சாப்பாட்டோடு மீனோ கோழியோ ஆட்டிறைச்சியோ, பச்சைக் காய்கறி. ஓடி விளையாட நேரம். கல்வியும் சேர்த்து. அதில் 83 பேரை, அந்த வாய்ப்பு கிடைக்காத 355 பேரோடு 23 வயதில் ஒப்பிட்டபோது, தாங்களே ஒப்புக்கொண்ட குற்றச்செயல்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மூன்று வயதில் மெலிந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம் தெரிந்தது.

சாப்பாடா, விளையாட்டா, ஆசிரியையின் அன்பா எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டிய அவசியம் என்ன என்றும் எனக்குத் தோன்றும். நம் ஊரில் சத்துணவு, காலை உணவுத் திட்டம் என்று வரும்போதெல்லாம் செலவுக் கணக்கு மட்டும் பேசுகிறவர்களிடம் இந்த 83 பேரைப் பற்றித்தான் சொல்வேன்.


இரண்டு பிள்ளைக்காரி | புதன், மதியம் 3.05

சின்ன கேள்வி. பிறந்தநாள் விருந்துக்குப் போய் வந்தால் என் இரண்டு பையன்களும் வீட்டை ரெண்டாக்குகிறார்கள். இனிப்பு சாப்பிட்டதால்தான் என்று என் மாமியார் சொல்கிறார். நிஜமா? கலர் கலராக இருக்கும் பண்டங்களைப் பற்றியும் பயமாக இருக்கிறது.


கீரைக்கட்டு | புதன், மாலை 6.30

இனிப்பைப் பற்றி நிறையச் சோதித்துவிட்டார்கள். 1995-இல் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தபோது, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரு சோதனை: ஐந்து முதல் ஏழு வயதுப் பையன்கள் எல்லோருக்கும் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, பாதி அம்மாக்களிடம் மட்டும் "நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளை அடங்காமல் ஆடுவதாகச் சொன்னார்கள், அவனை ஒட்டியே நின்று கண்டிக்கவும் செய்தார்கள். விருந்தில் கூட்டம், சத்தம், தூக்கம் தள்ளிப்போவது எல்லாம் இருக்கிறதே. பல்லுக்கும் உடம்புக்கும் சர்க்கரையைக் குறைப்பது நல்லதுதான், அது வேறு கணக்கு.

நிறங்கள் பற்றிய பயத்தில் கொஞ்சம் பொருள் இருக்கிறது. 2007-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் ஆறு செயற்கை நிறங்களையும் சோடியம் பென்சோயேட் என்ற, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளையும் கலந்து கொடுத்துப் பார்த்தபோது துறுதுறுப்பு சற்றே கூடியது. அது கவனச் சிதறல், அடிதடி இல்லை. ஆனாலும் 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் அந்த ஆறு நிறங்களில் ஒன்று இருந்தால் பாக்கெட்டில் எச்சரிக்கை போட வேண்டும். டப்பாவின் பின்புறம் 102, 110, 122, 124 என்ற எண்கள் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது ரோடமின்-பி என்ற துணிச்சாயத்துக்காக. அது உணவு நிறமே இல்லை, வாங்கவே கூடாது.


பாத்திரக்கடை | புதன், இரவு 8.40

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பாத்திர வியாபாரம். ரசத்துக்கு ஈயச்சொம்பு தேடி வருகிறவர்கள் இப்போது அதிகம். அது வெள்ளீயம், அதில் தப்பில்லை. விலை குறைவு என்று காரீயம் கலந்ததை வாங்கிவிடாதீர்கள். காரீயம் பிள்ளைகள் உடம்பில் சேர்ந்தால் படிப்பும் கெடும், முரட்டுத்தனமும் வரும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தெரிந்த கடையில், பரிசோதித்துக் கொடுப்பவரிடம் வாங்குங்கள்.


கீரைக்கட்டு | புதன், இரவு 9.00

ரொம்ப முக்கியமான தகவல், நன்றி அண்ணா. மஞ்சள் தூள் பளிச்சென்று இருக்க லெட் குரோமேட் என்ற காரீயச் சாயத்தைக் கலப்பதும் இதே ஆபத்து. உடம்பில் இரும்புச்சத்து குறைவாக இருந்தால் குடல் காரீயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பையன்களிலேயே 31 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெண் பிள்ளைகளில் பாதிக்கும் மேல்.

வார்டன் சார், வாராவாரம் கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையை உங்கள் பையன்கள் விழுங்குகிறார்களா, ஜன்னல் வழியாகப் போகிறதா? சாப்பிட்ட பிறகு கொடுத்தால் வயிறு புரட்டாது. டீயை மட்டும் அதிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், டீ இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.


விடுதிக்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

காலை இட்லி வரிசையை இரண்டாக்கினோம். ஆறாம், ஏழாம் வகுப்புக்குத் தனி. செலவில்லாத வேலை, முன்னாலேயே செய்திருக்கலாம். மாலை 5.15-க்குச் சுண்டல். தலைக்கு முப்பது கிராம் கடலை என்று கணக்கு, மொத்தம் இரண்டு கிலோவுக்குள் முடிகிறது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை என்று மாற்றி மாற்றி, மேலே எலுமிச்சம்பழம். பிஸ்கட்டை நிறுத்தியதில் பாதிப் பணம் தேறியது, மீதிக்கு முன்னாள் மாணவர்கள் இருவர் கை கொடுக்கிறார்கள். நீல மாத்திரை ஜன்னல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தோட்டத்தில் பொறுக்கினேன். இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு நானும் கூட நின்று கொடுக்கிறேன்.

மாலைச் சண்டைகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்திருக்கின்றன. காலாண்டுத் தேர்வும் இதற்கு நடுவில் முடிந்தது, அதனால் முழுப் பெருமையையும் சுண்டலுக்குக் கொடுக்க மாட்டேன். தராசு ஐயா சொன்ன எச்சரிக்கை நினைவிருக்கிறது. முட்டி போட வைப்பதை விட்டுவிட்டேன். சண்டை போட்டவர்களை முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். பிறகு விசாரணை. அடிபட்ட சின்னவனிடம் போய் மன்னிப்புக் கேட்பது மட்டும் அப்படியே இருக்கிறது, பசித்தவனுக்கும் அதில் விலக்கு இல்லை.

ஒருவன் மட்டும் மாறவில்லை. மயங்கி விழுந்தானே, அவனேதான். இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறான், சுண்டல் இரண்டாம் முறையும் வாங்குகிறான், கன்னம்கூட வைத்திருக்கிறது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது அடித்துவிடுகிறான். எப்போதும் தன்னைவிடச் சின்னவனைத்தான். நோட்டைப் பார்த்தால் எல்லாம் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் வந்த மறுநாள். அறைக்குக் கூப்பிட்டு இரண்டு முறை கேட்டுவிட்டேன், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்ன செய்வது என்று தெரியவில்லை.


இரவுப்பணி | ஞாயிறு, இரவு 10.05

சார், வீட்டில் ஏதோ நடக்கிறது. 1098 குழந்தைகள் உதவி எண்ணில் நீங்களே பேசலாம், எப்படி அணுகுவது என்று சொல்வார்கள். அவன் உடம்பில் காயம், தழும்பு ஏதாவது இருக்கிறதா என்பதையும் சங்கடப்படுத்தாமல் கவனியுங்கள்.


தாமிரபரணி | ஞாயிறு, இரவு 10.40

அறைக்குக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள் சார். அறை என்றாலே விசாரணை. சுண்டல் சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவ வருவானே, அப்போது நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்று கழுவுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், குழாயைப் பார்த்துக்கொண்டே, "வீட்ல அம்மா நல்லாருக்காங்களா?" என்று மட்டும் கேளுங்கள். முதல் நாள் சொல்ல மாட்டான். மறுநாளும் போய் நில்லுங்கள்.